வாத்துக்கறி எறியாத கிறிஸ்துமஸ்

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் காலையில், என் பக்கத்து வீட்டு ஆன்ஸி வாத்துக்கறிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். இரண்டு வாத்து, நாலு தேங்காயின் பால், முந்தின நாள் முழுக்க வறுத்து அரைத்த மசாலா, எல்லாம் செம்பருத்திச் செடியின் மேல். நான் அடுக்களை வாசலில் கேக் தட்டோடு நின்றிருந்தேன். சட்டி என் காதோரமாகப் போனது. அந்த வீட்டு நாய்க்கு அப்படியொரு கிறிஸ்துமஸ் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

"பேபி, இவள நல்ல டாக்டர் யார்கிட்டயாவது காட்டு. தலைக்கு என்னமோ ஆயிருச்சு," என்றாள் ஏலியாம்மா. ஆன்ஸியின் புருஷனுக்கு மூத்த அக்கா அவள். குவைத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து, தலைமை நர்ஸாகி, ஓய்வு பெற்று இப்போது கொச்சியில் ஃபிளாட்டில் இருக்கிறாள். அவள் வாயால் சொன்னால் அது சர்டிபிகேட் கொடுத்த மாதிரி. மத்தியானப் பூசைக்குள் பங்கு முழுக்கச் செய்தி போய்விட்டது. பேபிச்சன் பெண்டாட்டிக்குக் கிறுக்கு.

கிறுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வாழ்கிறோம். அதற்கு முன்பு அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதுதான் வியாதி என்பது எனக்கும் அப்போது புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கடைசிப் பையனுக்குத்தான் வீடு. வீட்டோடு அப்பனும் அம்மையும் அவனுக்கு. மற்றவர்கள் சிறகு முளைத்துப் பறந்துவிடுவார்கள். அந்த வீட்டுக் கடைசிப் பையன் பேபிச்சன். வயது ஐம்பத்திரண்டு ஆனாலும் பெயர் பேபிதான். நல்ல மனுஷன். ஒரே குறை, வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் ரப்பர் ஷீட் காய்ந்ததா என்று பார்க்கப் புகைப்புரைக்குப் போய்விடுவான். நடுராத்திரியில் சண்டை வந்தாலும் போவான் என்றுதான் நினைக்கிறேன். அவன் அம்மா, நாங்களெல்லாம் அம்மச்சி என்று கூப்பிடுகிற கிழவி, விழுந்து இடுப்பொடிந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தாள். ஏழு வருடமும் பார்த்துக்கொண்டவள் ஆன்ஸி. அம்மச்சி இறந்துபோய் வந்த முதல் கிறிஸ்துமஸில்தான் சட்டி பறந்தது.

ஏன் பறந்தது? ஆண்டுக்கொரு முறை கூடுகிற மேஜையில், ஏலியாம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பேச்சை எடுப்பாள். "எங்க ஆஸ்பத்திரியில பத்து வருஷம் படுத்த நோயாளிக்குக்கூடப் படுக்கைப்புண் வராது. அம்மச்சிக்கு முதுகுல வந்துச்சே. பெத்த பிள்ளைங்க பக்கத்துல இல்லாத குறை." அவ்வளவுதான். பேர் சொல்ல மாட்டாள். ஆனால் எல்லோர் கண்ணும் அடுக்களைப் பக்கம் திரும்பும். எனக்கே கை துறுதுறுக்கும். ஆன்ஸிக்குச் சட்டியில் போய் நின்றது.

அதற்குப்பின் அவளுக்கு மூச்சு முட்டல் ஆரம்பித்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும். ஈஸ்டர் வந்தால் முட்டும், பங்குத் திருநாள் வந்தால் முட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இதயத்தைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். "வாசகசாலை மாடியில பஞ்சாயத்து யோகா வகுப்பு நடக்குது, போங்க," என்றார். தனியாகப் போக அவளுக்குக் கூச்சம். என் முழங்காலைச் சாக்காக வைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சொல்லித்தருகிறவள் ரெம்யா. இருபத்தாறு வயது, ஸ்கூட்டரில் வருவாள். நாங்கள் பதினான்கு பேர், எல்லோரும் நைட்டிக்கு மேல் துண்டு போட்டே பழக்கப்பட்டவர்கள், முதல் தடவை சுரிதார் போட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் எல்லோரும் ஓம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் ஐந்து பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டோம். ரெம்யா கெட்டிக்காரி. "சேச்சிமாரே, அவங்கவங்களுக்குப் புடிச்சதச் சொல்லுங்க. மூச்சு வெளிய போனா போதும்," என்றாள். அன்றிலிருந்து சிலர் ஓம், நாங்கள் ஆமென், நபீசா அவள் வழியில். கீழே பேப்பர் படிக்க வந்தவர்கள் மீன் வண்டி வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

முதல் நாள், முடிவில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னாள். சவாசனம். எனக்கு அது நன்றாக வந்தது. குறட்டையே வந்தது.

"லில்லிக்குட்டிச் சேச்சி, தூங்கக்கூடாது," என்று ரெம்யா காலைத் தட்டினாள்.

"பின்ன படுக்கச் சொல்லிட்டு? படுத்தா தூங்காம வேற என்னடி செய்வாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடி திரும்பிப் பார்த்தால், பக்கத்துப் பாயில் ஆன்ஸி அசையாமல் கிடக்கிறாள். கண்ணீர் ஓரமாக வழிந்து இரண்டு காதுக்குள்ளும் நிறைந்துகொண்டிருக்கிறது. ரெம்யா ஃபேனை மட்டும் குறைத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது ஆன்ஸி சொன்னாள்: "சேச்சி, கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து, நீ கொஞ்சம் படுத்துக்கோன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல. இந்தப் பொண்ணுதான் மொதல்ல சொன்னா."

நானும் சொன்னதில்லையே.

மூச்சை எண்ணச் சொன்னார்கள். ஒன்று இரண்டு என்று எண்ணினால் அவளுக்கு மனம் நிற்கவில்லை, நாலாவது எண்ணிலேயே மாட்டுத் தீவனம் ஞாபகம் வந்துவிடும். அதனால் அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முதல் பாதியில் மூச்சை இழுத்து, இரண்டாம் பாதியில் விட ஆரம்பித்தாள். தினமும் ஜெபமாலை சொல்கிறவளுக்கு அது எளிது. இது எப்படியோ பங்குக்குத் தெரிந்து, ஜெபக்கூட்டத்தில் முணுமுணுப்பாகி, ஒருநாள் ரேஷன் கடை வளைவில் பங்குப் பாதிரியாரான அச்சனே அவளை நிறுத்தினார்.

"ஆன்ஸி, நீ யோகாவுக்குப் போறியாமே?"

"ஆமா அச்சா. போகலன்னா சட்டி எறிவேன்."

வாத்துக்கறிக் கதை அவருக்கும் தெரியும், அன்று மத்தியானம் அந்த வீட்டில் சாப்பிட வருவதாக இருந்தவர். "அப்ப போ," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

எட்டு மாதம் போனோம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆன்ஸிக்கு முட்டல் குறைந்தது. சாப்பிட உட்கார ஆரம்பித்தாள். நான் நினைத்தேன், சரி, தீர்ந்தது என்று. டிசம்பர் வந்ததும்தான் தெரிந்தது, ஒன்றும் தீரவில்லை என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இருபத்தைந்து நாள் நோன்பு ஆரம்பித்த அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் யார் என்றைக்கு வருகிறார்கள் என்று வரத் தொடங்கியது. ஹூஸ்டனிலிருந்து மூத்த அண்ணன் தோமாச்சனும் மனைவியும் மகனும் புது மருமகளும். கொச்சியிலிருந்து ஏலியாம்மா. தோமாச்சன் பட்டென்று எழுதியிருந்தார், இந்த வருஷமும் கலாட்டா நடந்தால் அடுத்த வருஷத்திலிருந்து குமரகத்தில் ரிசார்ட் எடுத்துக்கொள்வோம் என்று. இருபதாம் தேதி ஏலியாம்மா ஒரு குரல்செய்தி அனுப்பினாள். "ஆன்ஸி, இந்தத் தடவ வாத்து வேண்டாம், கோழி போதும். எறிஞ்சாலும் நஷ்டம் கம்மி பாரு." கூடவே ஒரு சிரிப்பு.

அன்று ஆன்ஸி பேபிச்சனிடம் கத்திய கத்தல் வேலி தாண்டி வந்தது. பேபிச்சன் புகைப்புரைக்குப் போனான். மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் போய்ப் பிடித்தேன். அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், மார்பைப் பிடித்துக்கொண்டு.

"எல்லாம் சும்மா சேச்சி. எட்டு மாசம் காலத் தூக்கினேன் கையத் தூக்கினேன். அந்தச் சிரிப்பக் கேட்டதும் பழையபடி ஆயிட்டேன்."

"எழுந்திருடி. அத அந்தப் பொண்ணுகிட்டயே கேளு."

கேட்டாள். பாயைக்கூட விரிக்காமல், நின்றபடியே, சண்டைக்குப் போகிற மாதிரி. "ரெம்யா, கோபமே வராம இருக்க எந்த ஆசனம்?"

"அப்படி ஒண்ணு இல்ல சேச்சி."

"பின்ன எதுக்கு இதெல்லாம்?"

"வந்தா, விழாம நிக்கறதுக்கு," என்றாள் ரெம்யா. சொல்லிவிட்டு, அடுத்தவளின் முதுகைத் திருத்தப் போய்விட்டாள்.

அன்று ரப்பர் தோட்டத்துக் குறுக்கு வழியில் வரும்போதுதான் ஆன்ஸி எனக்கு அந்த உண்மையைச் சொன்னாள். நாலு வருடத்துக்கு முன்பு அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, அப்போது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். துணைக்குப் பேபிச்சன். அந்த நேரம் பார்த்து ஏலியாம்மா குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தாள். அம்மச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போய் சோப்பும் சென்ட்டும் கொடுத்தாகவேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் அந்த வீட்டார் செத்த வீட்டுக்குக்கூட வரமாட்டார்கள். அந்தப் பயத்திலேயே எங்கள் ஆட்கள் பெற்ற அம்மாவை விட்டுவிட்டு ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். ஏலியாம்மாவும் போனாள், காலையில் காரில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அம்மச்சியோடு கூலிக்கு வந்த ஒரு பெண், டிவியோடு. ஆன்ஸி தையல் காயாத வயிற்றோடு திரும்பி வந்து அம்மச்சியைப் புரட்டிப் பார்த்தபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஏலியாம்மா அன்று காலைதான் விமானம் ஏறியிருந்தாள்.

"இதயா இத்தனை வருஷம் முழுங்கி வச்சிருந்த? சொல்லேன்டி எல்லார் முன்னாலயும்!" என்று கத்திவிட்டேன். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மச்சி இருந்தப்ப சொன்னா அதுக்கு மனசு உடையும். போனப்புறம் சொல்லணும்னுதான் பாக்கறேன். வாயத் தொறந்தா ஒண்ணு அழுக வருது, இல்ல கை சட்டிக்குப் போகுது. வார்த்தை மட்டும் வரமாட்டேங்குது சேச்சி. இந்த வருஷமும் வரலன்னா நான் கிறுக்கிதான். அவங்க சொன்னதே நெசமாயிடும். அம்மச்சிய நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்."

அதுதான் விஷயம். ரிசார்ட்டும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அழாமல், எறியாமல், அதைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு அந்தக் கிறிஸ்துமஸில் வேண்டியிருந்தது.

அன்றும் மறுநாளும் அந்தக் குறுக்கு வழியில் பழகினோம். ஜெபத்தின் முதல் பாதியில் மூச்சை இழுப்பாள். இரண்டாம் பாதிக்குப் பதிலாக அந்த வார்த்தைகளைச் சொல்லுவாள். முதல் தடவை "அம்மச்சிக்கு" என்பதிலேயே உடைந்தாள். பத்தாவது தடவை "ஆபரேஷன்" வரை வந்தாள். நான் ரப்பர் மரத்தில் சாய்ந்துகொண்டு ஏலியாம்மாவாக நடித்தேன். நன்றாகவே நடித்தேன், அவள் என்னை ஒருமுறை அடிக்க வந்தாள்.

கிறிஸ்துமஸ் காலை. நள்ளிரவுப் பாதிராப் பூசை முடிந்து தூங்கி எழுந்து எல்லோரும் மேஜையில். என் வீட்டில் கிறிஸ்துமஸ் என்பது அயர்லாந்திலிருந்து பிள்ளைகள் செய்கிற ஒரு வீடியோ கால். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கேக்கை எடுத்துக்கொண்டு ஆன்ஸியின் அடுக்களைக்குப் போய்விடுவேன். அன்றும் போனேன்.

வாத்துதான் வைத்திருந்தாள், கோழி இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதித் தைரியம் வந்தது. ஆப்பம் சுடச்சுட மேஜைக்குப் போகவேண்டும், ஆறினால் யாரும் தொடமாட்டார்கள். அதனால் ஆப்பம் ஊற்றுகிறவள் மேஜையில் உட்கார முடியாது. இருபத்திரண்டு கிறிஸ்துமஸாக ஊற்றுகிறவள் ஆன்ஸி, தட்டெடுத்துப் போகிறவள் நான்.

பன்னிரண்டாவது ஆப்பம் சட்டியில் இருக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. தோமாச்சனின் புது மருமகள் ட்ரீஸா, பாவம், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, "அம்மச்சி கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கஷ்டமா மோளே? முதுகெல்லாம் புண்ணு," என்றாள் ஏலியாம்மா. "எங்க ஆஸ்பத்திரியில பத்து வருஷம் படுத்தவங்களுக்குக்கூட..."

நான் முதலில் செய்த காரியம் வாத்துக்கறிச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி என் பின்னால் வைத்துக்கொண்டது. சூடு கையைப் பொரித்தது. அதற்குப் பிறகுதான் ஆன்ஸியைப் பார்த்தேன்.

அவள் கண்ணை மூடவில்லை. ஒரு கையில் கரண்டி, மறு கை வயிற்றில். வயிறு எழுந்தது, தாழ்ந்தது. உதடு அசைந்தது. ஒரு மரியே. சட்டியில் ஆப்பம் ஓரம் சிவந்தது. இரண்டாவது மரியே. நடுவும் கருகத் தொடங்கியது. மூன்றாவதில் அவள் அடுப்பை அணைத்தாள், கரண்டியை வைத்தாள், கையைத் துடைத்தாள், மேஜைக்குப் போனாள்.

மேஜையின் ஓரத்தில் நின்று, ஒரு நாற்காலியை இழுத்து, உட்கார்ந்தாள். அதற்கே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஏலிச்சேச்சி," என்றாள். பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூட என்று சொல்லும் குரல். "அம்மச்சிக்குப் புண் வந்தது நான் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்த பதினோரு நாள்ல. அத ஆத்தினது நான்."

பழகியது அவ்வளவுதான். அவள் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இன்னொரு மூச்சை இழுத்தாள்.

"இனிமே இந்த வீட்டுல அத வேற மாதிரி யாரும் சொல்லக்கூடாது."

அழுகை இல்லை. கை மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. எனக்கு அங்கேயே ஆமென் என்று கத்தவேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கையில் நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது, அச்சன் மன்னிக்கட்டும்.

பேபிச்சன் எழுந்தான். புகைப்புரைக்குத்தான் போகிறான், பாவி, என்று நான் பல்லைக் கடித்தேன். அவன் கதவு வரை போனான். நின்றான். திரும்பாமலே, "அவ சொல்றது நெசம் சேச்சி. நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல," என்றான். பிறகு வெளியே போகாமல் அடுக்களைக்குள் வந்து, என்னைத் தாண்டி, அடுப்பைப் பற்றவைத்து, கருகிய ஆப்பத்தைச் சுரண்ட ஆரம்பித்தான்.

தோமாச்சன் அக்காவைப் பார்த்தார். "சேச்சி? நீ லீவுல வந்தப்பவா?"

ஏலியாம்மாவின் முகம் வெள்ளையாகிவிட்டது. சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன், நாலு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் தண்ணீர் தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள். "கிளம்பற அன்னிக்குக் காலையில அம்மாவுக்குத் துணி மாத்தறப்பவே பாத்தேன். யார் யார் அம்மாவையெல்லாமோ முப்பது வருஷம் ரெண்டு மணிக்கொரு தடவ புரட்டிப் போட்டேன். என் அம்மாவ..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. ஆன்ஸிக்கு வருகிற அதே முட்டல்.

ஆன்ஸி கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணைத் துடைத்துவிடவில்லை. "மூச்ச வெளிய விடுங்க சேச்சி," என்றாள். "மொதல்ல வெளிய. உள்ள தானா வரும்."

விட்டாள். மறுபடி விட்டாள். அடுக்களையில் பேபிச்சன் ஒரு ஆப்பத்தைக் கிழித்துவிட்டு அடுத்ததை ஊற்றினான். அதுவும் கிழிந்தது. நான் கிழிந்ததையே தட்டில் போட்டு, வாத்துக்கறியை ஊற்றி, ஆன்ஸியின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவள் பிட்டு வாயில் போட்டாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள்.

ஏலியாம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில் கேட்டாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

"அவ்வளவு பெரிய புண்ண... வீட்டுல வச்சு எப்படிடி ஆத்தின?"

ஆன்ஸி வாயில் இருந்ததை விழுங்கினாள். "நாப்பது நாள் ஆச்சு," என்று ஆரம்பித்தாள். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்ததை, தையல் போட்ட வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதை, தண்ணீர் மெத்தைக்காகப் பஞ்சாயத்தில் போய் நின்றதை, படுத்த நோயாளிகளைப் பார்க்க வாரம் ஒருநாள் வந்த பாலியேட்டிவ் சிஸ்டர் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்ததை, முட்டை வேண்டாம் என்று அடம்பிடித்த அம்மச்சிக்கு ஆப்ப மாவில் முட்டையை அடித்துக் கலந்து ஏமாற்றியதை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். முப்பது வருட நர்ஸ் மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.